சித்திரையில் ஒழுகும் மாடி

கல்லாவுக்குப் பின்னால் ஒரு நீல வாளி. சொட்டும் சத்தம் வாடிக்கையாளர் காதில் விழக் கூடாதென்று அதற்குள் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். வெளியே கத்திரி வெயில். கடைசியாக மழை பெய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சென்னையின் கடைத்தெரு ஒன்றில், ஜவுளிக்கடையின் மேல்மாடிப் பட்டுப் பிரிவில் நான் பார்த்தது இது. "மூணு தடவை பூசியாச்சு சார். மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் கேரண்டி கார்டு குடுத்தாங்க" என்றார் கடைக்கார அண்ணாச்சி. நான்காவதாக வந்திருந்தவர், மாடிப்படி ஏறாமலேயே, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே ஈரம் தெரிந்தால் அது ஒழுகல். ஒழுகல் என்றால் மழைத்தண்ணீர். மழைத்தண்ணீர் என்றால் மேலே பூசு. நம் ஊரில் கட்டட உரிமையாளர், ஒப்பந்ததாரர், பெயிண்ட் கடைக்காரர், பல நேரம் பொறியாளரும் கூட ஒப்புக்கொண்ட வேதம் இது. இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்க வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை, ஏனென்றால் தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கிறோமே!

இந்த வேதம் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. ஏசி போட்ட தட்டை மாடிக் கட்டடங்களில் அந்தப் பாதியும் குறைந்துகொண்டே வருகிறது. அங்கே சொட்டுவதில் பெரும்பகுதி, மழை இப்போது கொண்டுவந்த தண்ணீர் அல்ல. ஒன்று, தளத்துக்குள்ளேயே நாம் பூட்டி வைத்த தண்ணீர். இன்னொன்று, காற்று சுமந்துவந்து குளிர்ந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போகும் தண்ணீர். இரண்டுக்கும் மேலே பூசுவது மருந்தில்லை. முதலாவதற்கு அதுவே நோய்.

பூச்சுக்கு நான் எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு ஆணி அடித்த துளை, டிஷ் ஆன்டெனா கால் என்று உண்மையாகவே ஒழுகும் இடங்கள் உண்டு. அங்கே ஓதம் காக்கும் வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் ஒழுகலுக்கு ஒரு நாணயம் உண்டு: மழை பெய்தால் ஒழுகும், மழை நின்ற சில நாளில் அதுவும் நிற்கும். அண்ணாச்சி கடையில் ஐப்பசியில் சொட்டவில்லை. தையில் இல்லை. பங்குனிக் கடைசியில் தொடங்கியது. அதிலும் காலையில் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், கல்லா நிறையும் நேரம் பார்த்துச் சொட்டும். கடை மூடும்போது வாளியில் நாலு விரல் தண்ணீர். மணி பார்த்து ஒழுகும் ஓட்டை எந்த ஊரில் இருக்கிறது?

ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கினோம். தளத்தின் அடிப்பக்கம் வெயில் இறங்காமல் இருக்கக் கண்ணாடிக் கம்பளி ஒட்டி, அதன் கீழே பளபளவென்று அலுமினியத் தாள் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தாள் அங்கங்கே தொந்தி போட்டிருந்தது. உதவிக்கு வந்த பையன் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தொந்தியைக் குத்தினான். வெதுவெதுப்பான தண்ணீர் அவன் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் இறங்கியது. கம்பளியைப் பிழிந்தால் நனைத்த தலையணை போல இருந்தது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். கான்கிரீட் கலக்கும்போது ஒரு கன மீட்டருக்கு 160 முதல் 180 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம். ஐந்து அங்குலத் தளத்துக்கு அது சதுர அடிக்கு இரண்டு லிட்டர். சிமெண்ட் இறுகிக்கொள்ள எடுத்துக்கொள்வது அதில் ஒரு பங்குதான்; மீதி மாதக்கணக்கில் ஆவியாக வெளியேற வேண்டும். தளத்தின் மேல் வாட்டத்துக்காகப் போடும் செங்கல் ஜல்லித் தளம் இன்னும் பெரிய குடிகாரன். எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும் செங்கல்லையே சாதாரணக் கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 1077 என்ற இந்தியத் தரம் அனுமதிக்கிறது. நான்கு அங்குல ஜல்லித் தளம் நன்றாக ஊறினால் சதுர அடிக்கு ஒன்றேகால் லிட்டருக்குக் குறையாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். 5,000 சதுர அடி மாடி என்றால், தெருவில் போகும் ஒரு 6,000 லிட்டர் டேங்கர் லாரியை மாடியில் நிறுத்தி வைத்தது போலத்தான்.

இந்த லாரியின் மேல்தான் நாம் பூசுகிறோம். அதுவும் எப்போது? மழை ஓய்ந்த மறுவாரம், உரிமையாளருக்குக் கோபம் ஆறுவதற்குள். மேல்ஓடு காய்ந்து வெளுத்திருக்கும். அடியில் ஜல்லி சொதசொதவென்று இருக்கும். மேலே ரப்பர் மாதிரி இழுபடும் பூச்சு இரண்டு கோட், நடுவில் வலை. இனித் தண்ணீர் இறங்காது என்பது சரி. ஏறவும் செய்யாது என்பதை யார் யோசித்தார்கள்?

வெயில் ஏறும்போது மாடியின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஈர ஜல்லிக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம், 30 டிகிரியில் இருந்ததைப் போல நாலரை மடங்குக்கும் மேல். பூச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்றும் ஆவியும் விரிய இடமில்லாமல் நெருக்கினால், கணக்குப்படி சதுர அடிக்கு 200 கிலோவுக்கு மேல் தூக்குவிசை வரும். புதுப் பூச்சு ஒரே கோடையில் அப்பளம் போல உப்புவது இதனால்தான். "மட்டமான சரக்கு சார், நம்ம பிராண்ட் போட்டிருந்தா உப்பாது" என்பார் அடுத்து வருபவர். உயர்ந்த சரக்கு இன்னும் இறுக்கமாக மூடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே வழியில்லாத ஆவி கீழே பார்க்கிறது. கீழே ஏசி அறை. வெயில் மேல்தளத்தில் அடித்து, ஜல்லியையும் கான்கிரீட்டையும் கடந்து அடிப்பக்கத்தைச் சூடாக்கப் பல மணி நேரம் ஆகும். உச்சி வெயிலின் சூடு கீழே வந்து சேர்வது பொழுது சாயும்போது. அந்த நேரம் தளத்தின் அடிப்பக்கம் 40 டிகிரி, ஈரத்தோடு. கம்பளிக்குக் கீழே அலுமினியத் தாள் 25 டிகிரி, ஏசி குளிர்ச்சியில். 40 டிகிரி ஈரத்திலிருந்து கிளம்பும் ஆவி, 25 டிகிரித் தாளில் முட்டி, பனித்து, தேங்கி, தொந்தி போட்டு, கிழிந்த இடத்தில் சொட்டுகிறது. கல்லாவும் வாளியும் ஒரே நேரத்தில் நிறைவதன் மர்மம் இவ்வளவே.

அந்தத் தாளை அங்கே போட்டது யார்? அதுவும் ஒரு வேதவாக்குத்தான்: "வேப்பர் பேரியர் உள்பக்கம் வரணும்." ஆவித் தடுப்பு பற்றிய இந்த விதி பிறந்த ஊரைத் தெரிந்துகொள்வது நல்லது. 1930களின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ரௌலி என்ற பேராசிரியர், குளிர்காலத்தில் வீட்டுச் சுவருக்குள் ஏன் நீர் கோக்கிறது என்று ஆராய்ந்தார். 1938-ல் டைலர் ஸ்டூவர்ட் ராஜர்ஸ் என்பவர் கட்டடக்கலைப் பத்திரிகை ஒன்றில் அதே சங்கதியைப் பாமரப் பொறியாளருக்கும் புரியும்படி எழுதினார். அங்கே ஜனவரியில் வெளியே உறைநிலைக்கும் கீழே. உள்ளே கணப்பு போட்ட, ஈரமான வீட்டுக்காற்று. ஆவி உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. ஆகவே அதைக் கிளம்பும் இடத்திலேயே, வெதுவெதுப்பான பக்கத்திலேயே தடு என்றார்கள். மினசோட்டாவில் வெதுவெதுப்பான பக்கம் உள்பக்கம். சென்னையில்?

விதியின் பொருளை விட்டுவிட்டு அதன் முகவரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். இங்கே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்பது அதிசயமில்லாத சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை 26 டிகிரி. அதாவது 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அது வேர்த்துவிடும். குளிர்ந்த சோடா பாட்டிலை மேஜையில் வைத்தால் அடியில் வட்டம் விழுகிறதே, அதேதான். ஏசி அறையோ 24 டிகிரி, 50 சதவீதம், பனிநிலை 13. ஆவி ஓடும் திசை ஆண்டின் பெரும்பகுதி வெளியிலிருந்து உள்ளே. தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் காய்வதற்கு விட்டிருக்க வேண்டும். நாம் மேலே ஒரு தடுப்பு, கீழே ஒரு தடுப்பு என்று இரண்டு பக்கமும் மூடி, நடுவில் ஈரத்தை வைத்து இட்லிக் கொப்பரை ஏற்றிவிட்டோம்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி ஒரு சமாதானத்தோடு வரும்: "சரி சார், காத்தோட்டம் விட்டுடலாம். சீலிங் மேல ரெண்டு எக்ஸாஸ்ட் போட்டா காஞ்சிடும்." கேட்க நியாயமாக இருக்கிறது. துணி காய்வது காற்றில்தானே! ஆனால் துணி வெளிக்காற்றின் சூட்டில் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருப்பவை அப்படி இல்லை. 14 டிகிரிக் காற்று ஓடும் டக்ட், இன்னும் குளிர்ந்த தண்ணீர்க் குழாய், ஏசி காற்று கீழிருந்து படும் ஜிப்சம் பலகை. அங்கே வெளிக்காற்றை இழுத்துவிட்டால், ஈரத்தை விரட்டவில்லை, விருந்துக்கு அழைத்திருக்கிறோம்.

அளவு எவ்வளவு என்றும் பார்க்கலாம். நான் சொன்ன அந்தச் சாதாரண நாளில் வெளிக்காற்று ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் சுமக்கிறது. ஏசி அறைக் காற்றில் 11 கிராம். வித்தியாசம் 13. ஒரு பெரிய எக்ஸாஸ்ட் மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு வெளிக்காற்று ஏதோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே வந்தே தீரும். மணிக்கு 13 லிட்டர் தண்ணீர், எந்தக் குழாயும் இல்லாமல்! அதில் பெரும்பங்கை ஏசி பிழிந்து வடிகுழாயில் அனுப்பிவிடும். வழியில் குளிர்ந்த டக்டில் முட்டியது அங்கேயே இறங்கிவிடும். ஓட்டல்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். சமையல்கட்டுப் புகைபோக்கி கட்டடத்தையே உறிஞ்சும். பக்கத்தில் குளுகுளு ஹாலில் மேற்கூரைப் பலகைகளில் பழுப்பு வட்டம் விழும். முதலாளி மாடியில் பூச ஆள் தேடுவார். மாடிக்கும் அந்த வட்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது. டக்டைத் தொங்கவிட்ட கம்பி இடத்தில் காப்புறை அரையங்குலம் கிழிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏசி விற்பவர்களும் இந்தப் பாவத்தில் பங்குதாரர்கள். "ரெண்டு டன் கூடவே போட்டுக்குங்க, கூட்டம் வந்தா தாங்கும்." தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் போதாது. அறை சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும். ஜில்லென்று இருந்தால் காய்ந்திருக்கிறது என்று நம் தோல் நம்மை ஏமாற்றுகிறது.

ஷீட் போட்ட தொழிற்கூடங்களின் கதை வேறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏசி இல்லாத பெரிய ஷெட்டுகளில் மார்கழி, தை மாத விடிகாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். மழை இல்லை, வானம் துடைத்துவிட்டாற்போல. கூரையிலிருந்து மட்டும் பொட்டுப் பொட்டாக விழும், அட்டைப்பெட்டிகள் நமுத்துப்போகும். தெளிந்த இரவில் மெல்லிய தகடு தன் சூட்டை வானத்துக்கு வாரி இறைத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றையும் விடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. காற்று 21 டிகிரி, ஈரப்பதம் 90 என்றால் பனிநிலை 19-ஐ ஒட்டி. தகடு அதற்கும் கீழே போய்விட்டால் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகப் பனிக்கும். காலை எட்டு மணிக்கு வெயில் பட்டதும் தடயம் காணாமல் போகும். பராமரிப்பு ஆள் கூரை மேல் ஏறி ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் சிலிக்கான் வைப்பார். ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ. அடுத்த மார்கழியில் மறுபடி வைப்பார்.

இங்கே ஆவி ஏறுவது கீழிருந்து மேலே, ஜவுளிக்கடைக்கு நேர் எதிராக. ஆகவே ஷெட்டில் காப்புக் கம்பளிக்குக் கீழே, இணைப்புகளில் இடைவெளி இல்லாமல், தாள் வருவதுதான் சரி. ஒரே வட்டாரம், சில பத்துக் கிலோமீட்டர் இடைவெளி, இரண்டு திசை. ஷெட்டில் வேலை செய்த குழு அதே கைப்பழக்கத்தில் ஜவுளிக்கடையிலும் தாளைக் கீழே ஒட்டிவிட்டுப் போகிறது என்பது என் ஊகம். கை பழகியதைத்தான் செய்யும்.

எதிர்க்கட்சியின் கடைசி ஆயுதம் அனுபவம். "நாங்க பூசினதும் நின்னுடுச்சே, கண்ணால பார்த்தோமே!" நின்றிருக்கும், மறுக்கவில்லை. மாசியில் பூசினீர்கள், சொட்டும் பருவம் இன்னும் வரவில்லை. அல்லது கோடையில் பூசினீர்கள். வெளிர்ப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பியதால் தளம் சூடாவது குறைந்தது, ஆவி கிளம்புவது அடங்கியது. தண்ணீர் மட்டும் உள்ளேயே இருக்கிறது. பூச்சின் மேல் இரண்டு வருஷத் தூசு படிந்து கறுத்ததும் பழைய கதை தொடரும். அதற்குள் கம்பி துருப்பிடித்துக் காரை பெயரத் தொடங்கியிருந்தால், அது வேறொருவர் விலை சொல்லும் வேறொரு வேலை. இன்னொன்று, அதே வாரம் ஏசிக்காரர் வந்து டக்டுக்கு டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு யாரும் புகழ்மாலை போடுவதில்லை.

பழைய சென்னைத் தளத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாப்புளியால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய மாடிகள். அவை மூச்சுவிட்டன, ஆகவே அதற்கே திரும்புவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. எனக்கும் அந்த மாடிகள் மேல் பிரியம் உண்டு. ஆனால் அவற்றின் கீழே யாரும் 22 டிகிரியில் பட்டுப்புடவை விற்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, மேலே குடித்த ஈரம் மேலும் கீழும் போய்ச் சேர்ந்தது. ஏசியைப் போட்டதும் ஆட்டத்தின் விதி மாறிவிட்டது. அதே சுண்ணாம்புத் தளத்தை இன்று ஏசி ஹாலுக்கு மேலே போட்டுக் கீழே தாள் ஒட்டினால், அதுவும் சொட்டத்தான் செய்யும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் பூச ஆள் கூப்பிடுவதற்கு முன் ஒரு நோட்டில் நேரத்தை எழுதுங்கள்: எந்த மாதம், எத்தனை மணி, அன்று மழையா, ஏசி ஓடியதா. ஒரு மாதம் எழுதினாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். சந்தேகம் மிஞ்சினால் இரண்டு எளிய சோதனை. மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து இரண்டங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்ப்பது ஒன்று. ஒழுகலாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஏற்கெனவே ஊறிய தளத்தில் இதைச் செய்யாதீர்கள், லாரிக்கு இன்னொரு லோடு ஏற்றியதாகிவிடும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு, பிரித்துப் பார்ப்பது இன்னொன்று. தாளின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. அன்று பூசுகிறேன் என்று வருபவரைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பலாம். புதிதாகக் கட்டுபவர்களுக்குச் செலவு இன்னும் குறைவு: தளத்தை ஒரு கோடை முழுக்க வெறுமனே காயவிட்டு, அதன் மேல் நீர்த்தடுப்பு மெம்பிரேன், அதற்கும் மேலே தண்ணீர் குடிக்காத காப்புப் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே ஓடு. தடுப்பு வெளிப்பக்கம் போய்விடுகிறது, வெயிலிலிருந்தும் தப்பிக்கிறது. தளம் கீழ்ப்பக்கமாக நிதானமாகக் காய்ந்துகொள்ளும்.

அண்ணாச்சி கடையில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. மூன்று பூச்சையும் உரித்து, ஜல்லித் தளத்தையே கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. கீழே தாளையும் கம்பளியையும் கழற்றினோம். வைகாசி முழுக்க மாடி வெறும் கான்கிரீட்டாக வெயிலில் கிடந்தது. செலவைக் கேட்டு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொத்திய ஜல்லியை மூட்டை கட்டிச் சரக்கு லிஃப்டில் இறக்கினார்கள். ஒரு நடைக்கு இத்தனை மூட்டை என்று காய்ந்த ஜல்லிக்குக் கணக்குப் போட்டிருந்தார் மேஸ்திரி. லிஃப்ட் மணி அடித்து நகர மறுத்தது. சில மூட்டைகளை இறக்கி வைத்த பிறகுதான் கதவு மூடியது. மூட்டைகளின் அடியிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்து தரைத்தளப் பளிங்கில் ஓடியது. சுடிதார் பிரிவிலிருந்து ஒரு பெண் மாப்போடு ஓடிவந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னண்ணா, இப்ப இங்கயும் ஒழுக ஆரம்பிச்சிருச்சா?"